பாதுகாப்பாக உள்ளது

அந்தக் கொடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் கிழங்கைத் தோண்டி அலங்காரச் செடிப் பிரியர்களுக்கு விற்க ஆள் கிளம்பிவிடும். ஏற்கெனவே இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டுப் போனார்கள். விளாத்திகுளம் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் அதைக் கிழங்குக்கொடி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற பாதையில் ஓர் அறக்கட்டளையின் தாவரவியல் தோட்டத்தில் எனக்கு வேலை. ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு பங்குனியிலும் நீட்டித்துத் தருவார்கள். தாவரவியல் தோட்டம் என்றதும் ஊட்டியை நினைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேனில் வருகிற பிள்ளைகள், கேட்டைத் தாண்டியதுமே முகம் சுருங்கிப் போவார்கள். ரோஜா கிடையாது, புல்தரை கிடையாது, ஊஞ்சலும் கிடையாது. கரிசல் காட்டில் தானாக முளைக்கிற புல்லும் பூண்டும் கொடியும் முள்ளும்தான் இருக்கும். யாரும் விதைக்காமல் வளர்ந்து, யாருக்கும் தெரியாமல் காணாமல் போய்க்கொண்டிருப்பவை. அவற்றைத் தேடிப்போய்ப் பறித்து, உலர்த்தித் தாளில் ஒட்டி, விதை எடுத்து, தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது என் வேலை. என்னைத் தவிர ஒரு தோட்டக்காரர் உண்டு. கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இயக்குநர் உண்டு. வேறு ஆள் கிடையாது.

கொடியை முதன்முதலில் பார்த்தது ஓர் ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். புல் விதை சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு மிளகாய்க் காட்டின் ஓரத்தில் உடைமரங்கள் அடர்ந்து நின்றன. முள்ளுக்குள்ளே சுற்றிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு பூ தெரிந்தது. அடியில் உப்பி, நடுவில் குழாயாக நீண்டு, உச்சியில் இதழ்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்தக் குழாய்க்குள் கடுகைவிடச் சிறிய ஈக்கள் போகும். உள்ளே கீழ்நோக்கி வளர்ந்த மயிர்கள் அவற்றைத் திரும்பி ஏறவிடாது. ஒரு நாள் கழித்து மயிர்கள் வாடியதும் ஈக்கள் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு வெளியே வரும். புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தது அன்றுதான். ஒரு பூவைப் பிளந்து பார்த்தபோது உள்ளே நான்கு ஈக்கள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன.

தலையை நிமிர்த்தியபோது எதிரில் ஒரு பெண் களைக்கொத்தோடு நின்றார். நிலத்துக்குச் சொந்தக்காரர். நிலம் அளக்க வந்த ஆள் என்று என்னை நினைத்திருக்கிறார். பூவைக் காட்டி விளக்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தக் கொடியவா பாக்க வந்தீங்க? ஆடுகூட ஒரு கடி கடிச்சிட்டு விட்டுரும், டீச்சர்.”

அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர், எனக்கு அவர் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மாமியாரிடம் தெலுங்கில் பேசுவார், என்னிடம் தமிழில். கணவர் புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் இருந்தார். மிளகாயும் கம்பும் பருத்தியுமாக அந்த மானாவாரிக் காட்டை அக்காதான் பார்த்துக்கொண்டார். மாதத்துக்கு ஒரு தரம் நான் போவேன். உடைமரங்களின் அடியில் நாற்பதுக்குச் சற்று மேலே கொடிகள் எண்ணினேன். சுற்றுப்பட்டில் வேறெங்கு தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அக்காவிடம் கேட்டுக்கொண்டு பதினோரு கிழங்குகளை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். அவை துளிர்த்தன, பூத்தன. காய்க்கவில்லை. எல்லாப் பூவும் வாடி உதிர்ந்தது.

அதற்கு அடுத்த வருடம் சோலார் கம்பெனி வந்தது. சுற்றியிருந்த காடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கினார்கள். அக்கா விற்கவில்லை. வாங்கிய நிலத்துக்கெல்லாம் கம்பி வேலி போட்டதில் வண்டிப்பாதையும் வேலிக்கு உள்ளே போய்விட்டது. மிளகாய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையோரமாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ஒரு மகசூலை அப்படிச் சுமந்தார். பிறகு அவரும் விற்றுவிட்டார். என்னிடம் ஃபோனில் சொன்னபோது, நாலு பக்கமும் கம்பியைக் கட்டிவிட்டு நடுவிலே விட்டால் மனுசி என்ன செய்வாள் என்று மட்டும் கேட்டார்.

நான் இயக்குநரிடம் ஓடினேன். எனக்கு முன்பே விஷயம் அவர் மேசைக்கு வந்திருந்தது. கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறவர்கள், அந்த நிலத்தில் அரிய உயிரினம் ஏதும் அழியாது என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் கருத்தரங்கு ஒன்றில் அந்தக் கொடியைப் பற்றிப் பேசியதை யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இயக்குநர் கடம்பூரிலிருந்து போளி வரவழைத்துக் கொடுத்தார். தோட்டத்துக்குப் புதிதாக நிழல்வலைக் குடில் கட்டித் தருவதாகவும், ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவதாகவும் பேச்சு நடந்தது. அவர்கள் கேட்டது ஒரே ஓர் அறிக்கை.

அவர்கள் போன பிறகு நான் முடியாது என்றேன். பதினோரு தொட்டிதான் இருக்கிறது, ஒரு காய்கூட இன்னும் பிடிக்கவில்லை, எப்படிப் பிடிக்க வைப்பது என்றே எனக்குத் தெரியாது, இதை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்று கேட்டேன். இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. தன் சொந்த நிலத்தைத் தோட்டத்துக்குக் கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நீங்க எழுதலன்னா ஜேசிபி வராதுன்னு நினைக்கிறீங்களா? எழுதிக் குடுத்தா அந்த இடத்தை இருபது நாள் தொடாம விடுறாங்க. அந்த இருபது நாள்ல எடுக்கிறதை எடுத்துக்குங்க. எழுதலன்னா அதுவும் இல்ல.”

அது பங்குனி மாதம். என் ஒப்பந்தத் தாளும் அதே மேசையில்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கோபப்பட்டு வெளியே வந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதிய அந்த வரியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இத்தாவரம் எமது தோட்டத்தில் வெற்றிகரமாக வளர்க்கப்பட்டு வருகிறது, இவ்வினத்தின் எதிர்காலம் பாதுகாப்பாக உள்ளது. கீழே என் பெயரும் கையெழுத்தும்.

இருபது நாள் கிடைத்தது. அது சித்திரை. கொடியெல்லாம் காய்ந்து காற்றோடு போய்விட்டது. கிழங்கு மட்டும் எங்கோ மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். தரைக்கு மேலே அடையாளம் ஒன்றும் இல்லை. கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். பாளத்தைப் பெயர்க்கக் கடப்பாரை வேண்டும். நான் ஒவ்வொரு கொடிக்கும் இடம் குறித்து வைத்திருந்தேன், ஜிபிஎஸ் கருவியிலும் வரைபடத்திலும். அந்தக் குறிப்பு ஆறேழு அடி முன்பின் காட்டியது. பாறைபோல் காய்ந்த மண்ணில் ஆறேழு அடி என்பது அரை நாள் வேலை.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். நிலம் அவருடையது இல்லை என்று ஆகி ஒரு மாதமாகியிருந்தது. கம்பெனிக் காவல்காரரிடம் என்ன சொன்னாரோ, உள்ளே விட்டுவிட்டார். எந்தக் கொடி எந்த மரத்தின் எந்தப் பக்கத்துக் கிளையில் ஏறும் என்று அவர் கை காட்டிய இடத்தில் தோண்டினால் கிழங்கு இருந்தது. சிலது மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு வர மறுத்தது. கடப்பாரை பட்டுச் சில இரண்டாகப் பிளந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வண்டி மற்றவர் காடுகளைச் சமன் செய்துகொண்டிருந்தது. அதன் சத்தம் நாளுக்கு நாள் கிட்டத்தில் கேட்டது.

ஒரு மத்தியானம் உடை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது அக்கா கேட்டார்.

“இது ஒங்க தோட்டத்துல நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?”

காவல்காரர் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றேன்.

“நல்லா இருக்கா?”

“தெரியலக்கா.”

அவர் என்னைத் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும் கையெழுத்துப் போட்டுத்தான இங்கன உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இருபத்தாறு கிழங்கு எடுத்தோம். அதில் எட்டு வெட்டுப்பட்டவை. மீதி எங்கே இருந்தன என்று எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் உடைமரங்களைச் சாய்த்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்தத் தொட்டிகளைச் சுற்றி ஒடுங்கிப்போயிற்று. புதிய நிழல்வலைக் குடிலில் அவற்றை வரிசையாக வைத்தேன். காலையில் போனதும் எண்ணுவேன். மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்ப்பேன். கோடையில் உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் கூடினால் அழுகும், அறவே இல்லாவிட்டால் சுருங்கும். வாரத்துக்கு ஒரு தெளிப்புப் போதும், அதுவும் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும். மாலையில் மறுபடியும் எண்ணுவேன். வேறு செடிகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்று செத்தால் வருத்தம்தான். இவற்றில் ஒன்று செத்தால் நான் எழுதியது பொய் என்று ஆகும். ஒவ்வொரு தொட்டியும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடமாக அவர் அங்கே, நான் இங்கே. முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு வாரக் கடைசி நான் போவேன், இரண்டு அவர் வருவார். முதல் கோடையில் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து நாள் லீவு போட்டுப் போனேன். தோட்டக்காரரிடம் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தேன், எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று. திரும்பி வந்தபோது ஒன்பது கிழங்குகள் கூழாகிக் கிடந்தன. அந்த ஐந்து நாளும் வெயில் கொளுத்தியிருக்கிறது. தோட்டக்காரர் என் முன்னால் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“காஞ்சு கெடக்கே, பாவமேன்னுதான் ஊத்துனேன் டீச்சர்.”

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. முப்பது வருடமாகச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்த கை அது. அன்றிலிருந்து நான் ஊரைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. தங்கை வீட்டு விசேஷத்துக்கு மதுரைக்குப் போய்ச் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறினேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியிலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு அழைத்தார்கள். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன், பிறகு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கணவரிடம் எழுதிய பிறகுதான் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

“ஏட்டி, வேலைய விட்டுட்டு வரச் சொல்லல. ஒரு ராத்திரி வந்து தங்கிட்டுப் போன்னுதான் சொல்லுதேன். செடிக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கே.”

பெருமையாக எதையாவது சொல்லியிருக்கலாம், அழிந்துகொண்டிருக்கிற ஓர் உயிர், அது இது என்று. என்னைக் கட்டிப்போட்டிருந்தது செடிமேல் இருந்த அன்பு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பயம்தான் கட்டிப்போட்டிருந்தது. குடிலைவிட்டு வெளியே வந்தால் உள்ளே என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.

இரண்டு கார்த்திகை இப்படியே போனது. கொடி பூத்தது, பூ உதிர்ந்தது. பூச்சிகளைக் குத்தி வைக்கிற மெல்லிய ஊசியின் முனையால் மகரந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கை நடுங்காமல் செய்கிற வேலை. நூற்றுக்கணக்கான பூக்களில் செய்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. பூக்களைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஈ இல்லை. குடிலில் மட்டுமல்ல, வெளியே கொண்டுபோய் வைத்த தொட்டிகளிலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவை மறுபடி பார்த்தேன். கம்பெனியிலேயே அவருக்கு வேலை கிடைத்திருந்தது. தன் காடாக இருந்த இடத்தில் சோலார் தகடுகளைத் தண்ணீர் அடித்துத் துடைக்கிற வேலை. நான் வேலிக்கு வெளியே நின்றேன், அவர் உள்ளே நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றார். காய் பிடிக்காத கதையைச் சொன்னேன். ஈயே வரவில்லை என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“அங்கன எப்பமும் ஆடு படுத்துக் கெடக்கும்லா டீச்சர், மரத்தடியில. ஒங்க தோட்டத்துல ஆடு உண்டா?”

எங்கள் தோட்டத்தின் வாசல் பலகையில் எழுதியிருக்கும் முதல் விதியே ஆடு மாடுகளை உள்ளே விடக்கூடாது என்பதுதான். நான் அந்த இடத்துக்கு மாதாமாதம் போனவள். ஈ மொய்க்கிற ஆட்டுப் புழுக்கைமேல் உட்கார்ந்து குறிப்பு எழுதியவள். மண், நிழல், ஈரம், மழை எல்லாம் எழுதிய குறிப்பேட்டில் ஆடு என்ற சொல்லே இல்லை.

இயக்குநரிடம் கேட்டபோது, ஆட்டிடமிருந்து காப்பாற்றத்தானே வேலியே போட்டோம் என்றார். கடைசியில் வேலிக்கு வெளியே, குடிலை ஒட்டிய தரிசில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த ஐப்பசிக் கடைசியில் ஒரு கிடைக்காரரைப் பிடித்தோம். மூன்று வாரம் அவருடைய ஆடுகள் எங்கள் வேலியோரம் அடைந்தன. குடிலின் அந்தப் பக்கத்து வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். தோட்டமெல்லாம் ஆட்டு வாடை. பார்வையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் ஒரு பூவைப் பிளந்தேன். உள்ளே இரண்டு ஈக்கள் இருந்தன.

கார்த்திகை முடியும்போது ஒரு கொடியில் மெல்லிய கொம்புகள் மாதிரி இரட்டைக் காய் இறங்கியிருந்தது. பிறகு இன்னொன்றில், இன்னொன்றில். மொத்தம் ஏழு ஜோடி. ஆட்டினால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வருடம் மழையும் நன்றாக இருந்தது. காய் வெடிப்பதற்கு முன் மெல்லிய துணிப்பை கட்டினேன். எருக்கு விதை போலப் பஞ்சு வைத்த விதைகள். பாதியை வேறு இரண்டு தோட்டங்களுக்கு அனுப்பினேன். மீதியை விதைத்தேன். எட்டாம் நாள் முளைத்தன.

தோட்டக்காரர் ஓடிப்போய் இயக்குநரை அழைத்து வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் தரையிலேயே உட்கார்ந்து முளைகளை எண்ணினேன். இனிமேல் கோயம்புத்தூருக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்பெனிக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பளபளப்பான புத்தகம் ஒன்றில் நாற்றுத் தொட்டியோடு நான் நிற்கும் படத்தைப் போட்டு, அவர்கள் காப்பாற்றிய செடி என்று எழுதினார்கள். தோட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் உதவி நீட்டிக்கப்பட்டது. பொறுப்பு விஞ்ஞானி என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. என்னிடம் கேட்கவில்லை. நான் ஒரு கடிதம் எழுதினேன், முதல் அறிக்கை எழுதிய நாளில் அந்த வரி உண்மையில்லை என்று. இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். இப்போதுதான் உண்மையாகிவிட்டதே, பழையதை எதற்குக் கிளற வேண்டும் என்றார். நானே அதைக் கம்பெனி முகவரிக்குத் தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை.

முளைத்த செய்தியைச் சொல்ல அக்காவிடம் போனேன். நாற்றுகளின் படத்தை ஃபோனில் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லது டீச்சர். இத எங்கன கொண்டு நடப்போறீங்க?”

இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எந்தத் திட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. தொட்டியில் இருப்பதே முடிவு என்றுதான் எல்லோரும், நானும், நினைத்திருந்தோம். அவருக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வேறு எதுவும் கேட்காமல், தன் வார விடுமுறை என்றைக்கு என்று சொன்னார்.

சென்ற ஐப்பசியில் அந்த விடுமுறை நாள் ஒன்றில் என் ஸ்கூட்டியில் இருவரும் போனோம். அக்காவின் ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் உடைமரங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஆடுகள் அங்கேதான் மத்தியானம் அடைகின்றன. புறம்போக்கு நிலம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, இயக்குநரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாற்றுகளை மரத்தூரில், வேருக்கு நடுவே வைத்தோம். ஸ்கூட்டி சக்கரத்தில் கரிசல் அப்பிக்கொண்டு வண்டி நகர மறுத்துவிட்டது. குச்சியால் சேற்றை நோண்டி நோண்டித் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. மூன்றை ஆடு மிதித்துவிட்டது என்று பிற்பாடு அக்கா ஃபோனில் சொன்னார். ஆறு நிற்கிறது.

இந்தப் பங்குனியில் என் ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தோட்டக்காரரைக் கிழங்கின் ஈரம் பார்க்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே செய்கிறார். எனக்குத்தான் அவர் விரலை நம்பிவிட்டுப் பஸ் ஏற இன்னும் மனம் வரவில்லை. சென்ற மாதம் டிக்கெட்டே எடுத்துவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். கணவரிடம் தை பிறக்கட்டும், வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தத் தை என்று அவர் கேட்டார்.